மூன்றுநாட் சின்னமுத்து

கிரகணம் பிடிக்கும் வேளையிலே கர்ப்பிணிப் பெண் வாசற்படி தாண்டலாகாது என்பது யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இன்னும் முற்றாக மறைந்துவிடாத ஒரு விதி. அவள் காய்கறி நறுக்கலாகாது. கத்தி, ஊசி முதலியவற்றைத் தொடவுமாகாது. இவற்றுள் ஏதோவொன்றை அவள் மீறினாள் என்று பின்னொரு நாளிலே யாரேனும் நினைவுகூர்ந்துவிட்டாற் போதும், பிள்ளையின் பிளந்த உதட்டுக்கும் பார்வையற்ற கண்ணுக்கும் கேளாத செவிக்கும் காரணம் கண்டாயிற்று. கிரகண மூளி என்று பெயரும் இட்டாயிற்று. கிரகணம் பொருந்தி வராவிட்டால் முற்பிறப்பு வினை இருக்கவே இருக்கிறது. எந்தக் காரணத்தைக் கூறினும் பழி சென்று சேருமிடம் ஒன்றே: பெற்றவள்.

இதனை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. நாமும் நெடுங்காலம் அவ்வாறே தள்ளி வந்தோம். ஆயினும் மருத்துவ வரலாற்றைச் சற்று ஊன்றிக் கற்கும்போது ஒரு வியப்பான செய்தி எதிர்ப்படுகின்றது. கருவுற்ற தொடக்க மாதங்களிலே தாய்க்குப் புறத்திலிருந்து நேரும் ஒன்று பிள்ளையின் கண்ணையும் காதையும் கெடுக்கக்கூடும் என்று எம் கிழவிகள் நம்பினர். அதே காலத்து ஐரோப்பிய மருத்துவப் பேராசிரியர்களிற் பெரும்பாலோர் பிறவிக் குறை என்பது பரம்பரையாற் கடத்தப்படுவது என்றும், கருப்பை என்பது எளிதில் எதுவும் புக முடியாத கோட்டை என்றும் கருதியிருந்தனர். புறக்காரணம் ஒன்று உண்டு என்ற அளவில் கிழவிகளின் எண்ணம் உண்மைக்கு அண்மையில் நின்றது. அக்காரணம் யாது என்பதிலேயே அவர்கள் தவறினர். சூரியனையும் சந்திரனையும் பார்த்துக்கொண்டிருந்த வேளையிலே, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் இருமல் அவர்கள் கண்ணிற் படவில்லை.

நாம் குறிப்பிடுவது உருபெல்லா என்னும் நோயை. ஜேர்மன் சின்னமுத்து என்றும், மூன்று நாட் சின்னமுத்து என்றும் இதனை அழைப்பர். வந்தவர் பலர் வந்ததையே அறியார். சிறிது காய்ச்சல், காதின் பின்புறத்திலும் பிடரியிலும் நெறிக்கட்டு, முகத்திலே தொடங்கி உடலெங்கும் பரவும் இளஞ்சிவப்பான பரு. மூன்று நாளில் எல்லாம் மறைந்துவிடும். வயதுவந்த பெண்களுக்குச் சில வேளை மூட்டுவலி காணும். தொற்றியவர்களுட் காற்பங்கு முதல் அரைப்பங்கு வரையானோருக்கு இந்த அடையாளங்கள் கூட வெளிப்படுவதில்லை. எங்கள் வீடுகளிலே சின்னமுத்து, கொப்புளிப்பான் எல்லாவற்றையும் அம்மாள் வருத்தம் என்ற ஒரே பெயரில் அடக்கி, வேப்பிலை செருகி, தண்ணீர் வார்த்து முடித்துவிடும் வழக்கத்தில் இந்த எளிய பருவைத் தனியாகப் பிரித்தறிய யாருக்குத் தோன்றும்?

மேல்நாட்டு வைத்தியருக்கும் நெடுங்காலம் தோன்றவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலே ஜேர்மானிய வைத்தியர்களே இதனைச் சின்னமுத்தினின்றும் செங்காய்ச்சலினின்றும் வேறானதென விவரிக்கத் தலைப்பட்டனர். ஜேர்மன் சின்னமுத்து என்ற பெயர் அவர்களால் வந்தது. ஜேர்மனியிலிருந்து நோய் வந்தது என்பதன்று பொருள். 1814இல் ஜோர்ஜ் மேற்றன் என்னும் ஆங்கில வைத்தியர் இது தனிநோயே என்றார். 1866இலே பிரித்தானியப் பீரங்கிப் படையின் வைத்தியரான ஹென்றி வீல், இந்தியாவிலே தாம் கண்ட ஒரு தொற்றினை விவரித்துக் கட்டுரை எழுதினார். ஜேர்மானியப் பெயர் ஆங்கிலேயரின் வாய்க்கு முரடாக இருக்கிறதென்று எண்ணி, ‘சிறு செந்நிறம்’ எனப் பொருள்படும் உருபெல்லா என்ற இலத்தீன் சொல்லைச் சூட்டினார். உலகம் முழுதும் இன்று வழங்கும் இப்பெயர், எமக்கு அண்மையிலுள்ள பெருநிலத்திலே காணப்பட்ட நோயாளரை முன்வைத்தே பிறந்தது. 1881இல் இலண்டனிற் கூடிய அனைத்துலக மருத்துவ மாநாடு இதனைத் தனிநோயாக ஏற்றுக்கொண்டது. அதன்பின் ஏறத்தாழ அறுபதாண்டு எவரும் இதனைப் பொருட்படுத்தவில்லை. கொல்லாத நோயைப் பற்றி யார் கவலைகொள்வார்?

வீல் பெயர் சூட்டிய அதே காலத்திலே மானிப்பாயில் என்ன நிகழ்ந்துகொண்டிருந்தது என்பதை இங்கே எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறுவருடம் மானிப்பாயில் வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். 1860களிலே தம் மாணவருக்குத் தமிழிலேயே மேலை மருத்துவத்தைப் போதித்தார். உடற்கூறும் இரணவைத்தியமும் இரசாயனமும் அவர் முயற்சியாலும் அவருடைய மாணாக்கர் உழைப்பாலும் தமிழ் நூல்களாயின. அவற்றுள் ஒன்று பிரசவ வைத்தியம்; 1857இல் வெளிவந்தது. கருவுற்ற பெண்ணைப் பற்றி அன்றைய உலகம் அறிந்திருந்ததை யாழ்ப்பாணத்தான் தன் மொழியிலேயே கற்கலாம் என்ற நிலை அன்று இருந்தது. அந்நூலில் உருபெல்லாவின் கொடுமை பற்றி ஒரு சொல்லும் இருந்திருக்க இயலாது. அன்று அதனை உலகில் எவரும் அறியார். ஆனால் உலகம் அதனை அறிந்த காலத்திலே நிலைமை வேறாகிவிட்டது. 1873இல் கிறீன் நாடு திரும்பினார். 1870இல் தொடங்கப்பட்ட கொழும்பு மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பித்தது. மானிப்பாயின் தமிழ் வகுப்பு மங்கி மறைந்தது. ஆகவே 1941இன் கண்டுபிடிப்பு ஆங்கிலம் கற்ற வைத்தியரின் அலுமாரிக்கு வந்தது; சங்கானைச் சந்தைக்கும் சாவகச்சேரிச் சந்தைக்கும் வர மேலும் பல்லாண்டுகள் பிடித்தன.

அந்தக் கண்டுபிடிப்பின் கதை சற்று விரிவாகக் கூறத்தக்கது.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1940இல் அவுஸ்திரேலியாவிலே உருபெல்லா பெருவாரியாகப் பரவியது. போருக்காகத் திரட்டப்பட்ட இளைஞர் முகாம்களிலே நெருங்கி வாழ்ந்தமையும், விடுமுறையில் வீடு சென்றமையும் அதற்குத் துணைபுரிந்தன. மறுவருடம் சிட்னி நகரிலே நோர்மன் கிறெக் என்ற கண்வைத்தியரிடம் கண்ணில் வெண்படலத்துடன் பிறந்த சிசுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவரப்பட்டன. இத்தகைய பிறவிப் படலம் அரிது. ஒரே காலத்தில் இத்தனை பிள்ளைகளுக்கு வருவது பரம்பரையால் நிகழுமா? பல பிள்ளைகளின் இருதயமும் பழுதுற்றிருந்தது. அவருடைய அறையின் வெளியே காத்திருந்த தாய்மார் தமக்குள் பேசிக்கொண்டதிலிருந்தே, கருவுற்ற தொடக்கத்தில் தமக்கு ஜேர்மன் சின்னமுத்து வந்தது என்ற செய்தி அவர் காதில் விழுந்தது என்பர். அவர் அதனைப் பெண்கள் பேச்சென்று ஒதுக்கவில்லை. பிற வைத்தியரிடமும் விசாரித்துத் திரட்டிய 78 பிள்ளைகளுள் 68 பேரின் தாய்மாருக்குக் கருவுற்ற காலத்தில் அந்நோய் வந்திருந்தது. 1941 அக்டோபரில் மெல்பேணிற் கூடிய கண்வைத்தியர் சங்கத்தில் தம் கட்டுரையை வாசித்தார்.

அறிவுலகம் கைதட்டி வரவேற்றுவிடவில்லை. 1943இல் அடிலெயிட் நகரத்து சார்ள்ஸ் சுவான் என்பவரும் உடன் ஆய்ந்தோரும் அதே முடிவுக்கு வந்து, செவிட்டுத்தன்மையையும் பட்டியலிற் சேர்த்தனர். ஆயினும் இலண்டனின் புகழ்பெற்ற மருத்துவ ஏடொன்று 1944இலும் கிறெக்கின் கருத்து நிறுவப்படவில்லை என்றே எழுதிற்று. ஐயத்தைத் தீர்த்து வைத்தவர் வைத்தியரல்லர், கணக்கர் எனலாம். லங்காஸ்டர் என்னும் புள்ளிவிவர அறிஞர் அவுஸ்திரேலியக் குடிசன மதிப்பீட்டு ஏடுகளைப் புரட்டி, செவிப்புலனற்றோர் எந்த வயதிற் கூடுதலாக உள்ளனர் என்று பார்த்தார். 1911ஆம் ஆண்டுக் கணக்கிலே பத்து முதல் பதினான்கு வயதுக்குட்பட்டோரில் அத்தொகை துருத்திக்கொண்டு நின்றது. அவர்கள் பிறந்தது 1898, 1899 ஆண்டுகளை ஒட்டி. அப்போது அங்கே உருபெல்லாப் பரவல் நிகழ்ந்திருந்தது. 1951இல் இது வெளியாயிற்று. விடை நாற்பதாண்டாக அரசாங்கத்தின் அச்சுப் புத்தகத்திலேயே கிடந்தது. கேள்வி கேட்பார்தாம் இருக்கவில்லை. அந்த நாற்பதாண்டிலும் செவிட்டுப் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் தத்தம் குடும்பத்து இரத்தத்தையே நொந்துகொண்டிருந்திருப்பர்.

கருவுற்ற முதற் பன்னிரண்டு வாரத்துள் தாய்க்குத் தொற்று ஏற்பட்டால் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட கருக்கள் பாதிப்புறும் என்பது பின்னைய ஆய்வுகளின் முடிவு. கண்ணும் காதும் இருதயமும் மூளையும் உருப்பெறும் பருவம் அது. வைரசு நஞ்சுக்கொடி வழியே சென்று, பிரிந்து பெருகவேண்டிய உயிரணுக்களின் வளர்ச்சியைத் தடுத்துவிடுகிறது. மாதம் ஏற ஏற ஆபத்துக் குறைந்து, இருபதாம் வாரத்தின்பின் அரிதாகின்றது. சில கருக்கள் கலைந்துபோகும்; சில பிள்ளைகள் இறந்து பிறக்கும். உயிருடன் பிறக்கும் பிள்ளை ஓராண்டும் அதற்கு மேலும் தன் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் வைரசை வெளியேற்றிக்கொண்டிருத்தல் கூடும். அப்பிள்ளையைப் பார்க்க வரும் வேறொரு கர்ப்பிணிக்கு அது என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதனைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. தடுப்பதொன்றே வழி.

1962இல் அமெரிக்காவிலே இரு வேறு ஆய்வுக்குழுவினர் வைரசைப் பிரித்தெடுத்தனர். 1964, 1965ஆம் ஆண்டுகளில் அங்கே பெருந்தொற்று வந்தது. ஒன்றேகாற் கோடி மக்கள் பீடிக்கப்பட்டனர். ஏறத்தாழ இருபதினாயிரம் பிள்ளைகள் பிறவிக் குறையோடு பிறந்தனர். செல்வத்திற் சிறந்த நாட்டுப் பிள்ளைகள் பாதிப்புற்றமையால் வேலை விரைவாக நடந்தது என்று கூறினால் அது கசப்பான பேச்சாகப் படலாம், பொய்யாகாது. 1969இல் முதல் தடுப்பூசிக்கு அங்கே அனுமதி கிடைத்தது. இன்று பெரும்பாலான நாடுகளில் வழங்குவது பிலடெல்பியாவில் ஸ்ரான்லி புளொட்கின் என்பவர் ஆக்கிய வகையாகும்.

இவ்விடத்திலே ஆசிரியரும் மாணவரும் ஊன்றி நோக்கவேண்டிய ஒரு சிக்கல் உண்டு. மற்றைத் தடுப்பூசிகளிற் சிறிது போட்டாற் சிறிது பயன், நிறையப் போட்டால் நிறையப் பயன் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். உருபெல்லா அப்படியன்று. தடுப்பூசியே இல்லாத ஊரிலே பெரும்பாலான பெண்கள் சிறு பராயத்திலேயே இந்நோயைப் பெற்று, வாழ்நாள் முழுவதற்கும் காப்பினையும் பெற்றுவிடுவர். குழந்தைகளில் அரைவாசிப் பேருக்கு மாத்திரம் ஊசி போட்டால் நோயின் நடமாட்டம் குறையும்; எனவே ஊசி பெறாத மற்றை அரைவாசியினர் சிறு வயதில் நோயைச் சந்தியாது வளர்ந்து, கருவுறும் வயதிலே சந்திப்பர். நன்மை செய்யப் புகுந்து தீமையை வளர்த்த கதையாகிவிடும். கிரேக்க நாட்டிலே இது கண்கூடாயிற்று. 1970களின் நடுப்பகுதி தொட்டு அங்கே குழந்தைகளுக்கு ஊசி போட்டனர்; ஆனால் எல்லோரையும் எட்டவில்லை, வளர்ந்த பெண்களையும் கவனிக்கவில்லை. 1993இல் நோய் பரவியபோது பிறவிப் பாதிப்புற்ற சிசுக்களின் தொகை அந்நாடு முன்கண்டிராத அளவுக்கு உயர்ந்தது. பணம் கொடுக்கக்கூடியவனின் பிள்ளைக்கு மாத்திரம் ஊசி என்ற முறை, பணமில்லாதவளின் பிள்ளையைக் குருடாக்க வல்லது. பொதுச் சுகாதாரத்தைச் சந்தைக்கு விட்டுவிடலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எமக்குத் தெரியாது.

இலங்கை இவ்விடயத்தில் எடுத்த வழி மெச்சத்தக்கது. இதற்கான அத்திவாரம் முன்னரே இடப்பட்டிருந்தது. 1926இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. பின்னர் அம்முறை தீவெங்கும் விரிந்து, சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீடு வீடாகச் செல்லும் மருத்துவிச்சி என்ற அணி ஒன்று உருவாயிற்று. 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 1984இற் சின்னமுத்துத் தடுப்பூசி சேர்ந்தது. உருபெல்லா அப்பட்டியலில் இல்லை. 1994, 1995ஆம் ஆண்டுகளிலே நாட்டில் உருபெல்லா பரவி, அதன் விளைவாகப் பிறவிக் குறையோடு பிள்ளைகள் பெருந்தொகையாகப் பிறந்த பின்னரே கண் திறந்தது. 1996இல் உருபெல்லாத் தடுப்பூசி அறிமுகமாயிற்று. முதலிலே குழந்தைகளுக்கன்று, பாடசாலை மாணவியருக்கும் கருவுறும் வயதுப் பெண்களுக்கும். கிரேக்கத்தில் நிகழ்ந்தது இங்கே நிகழாதிருக்க அந்த ஒழுங்கு உதவியது. 2001இல் மூன்று வயதுக் குழந்தைகளுக்குச் சின்னமுத்தும் உருபெல்லாவும் சேர்ந்த ஊசி வந்தது. 2011இற் கூகைக்கட்டுக்குரிய மருந்தும் உடன்சேர்ந்த முக்கூட்டு ஊசி வந்தது.

இந்த ஆண்டுகளை யாழ்ப்பாணத்துக்குரிய மற்றோர் ஆண்டுக்கணக்கின் பக்கத்திலே வைத்துப் பாருங்கள். 1990 முதற் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் மருந்தும் மின்கலங்களும் தடையின் கீழும் கட்டுப்பாட்டின் கீழும் வந்தன. தடுப்பூசி என்பது புட்டியில் அடைத்து அலுமாரியில் வைத்துவிடும் பொருளன்று. கொழும்பிற் புறப்பட்டு ஊர்ச் சிகிச்சை நிலையத்தில் ஊசி ஏற்றும் வரை குளிரிலேயே இருத்தல் வேண்டும். போர்முனையைக் கடந்து ஒரு பெட்டி பனிக்கட்டியைக் கொண்டுவருவது என்ன வேலை என்பதை அன்றைய சுகாதார ஊழியர் அறிவர். 1995 அக்டோபர் 30ஆம் நாள் மாலையிலிருந்து வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சி நோக்கி நடந்தனர். யாழ்ப்பாண ஆசுபத்திரி பெயர்ந்தது. பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் குடும்பங்கள் நெருங்கிக் கிடந்தன. அவுஸ்திரேலியப் போர்முகாம்களில் மூச்சுக்காற்றால் பரவும் நோய் எதனை நாடியதோ, அதே நெருக்கம். நடந்து சென்ற கூட்டத்திலே இரண்டு மாதம், மூன்று மாதம் கருவுற்றிருந்த பெண்களும் இருந்தனர். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகள் பல, நகைக்கும் உறுதிக்கும் அரிசிக்கும் பின்னரே நினைவுக்கு வரும் காகிதங்களாகி, பூட்டிய வீடுகளிலேயே தங்கிவிட்டன. 1996 சித்திரையில் மக்கள் வலிகாமம் திரும்பத் தொடங்கியபோது தெற்கிலே புதிய தடுப்பூசி தொடங்கும் காலம்.

இருட்டிலும் ஒன்றைச் சொல்லவேண்டும். 1995 தொட்டு இளம்பிள்ளை வாதத்துக்கான தேசிய தடுப்பு மருந்து நாட்களிலே, யுனிசெவ் நிறுவனத்தின் நடுநிலை முயற்சியால், இரு தரப்பும் துப்பாக்கியைத் தாழ்த்தச் சம்மதித்தன. அமைதி நாட்கள் என்று அவற்றை அழைத்தனர். மற்றெதிலும் உடன்படாதவர்கள் குழந்தையின் வாயில் விழும் இரண்டு துளி மருந்துக்காக உடன்பட்டனர். அது வேறொரு நோய்க்குரியது எனினும், போரின் நடுவே தடுப்பூசித் திட்டம் அறுந்துபோகாமல் நின்றமைக்கு அந்த உடன்பாடும், குண்டுவீச்சிடையே சைக்கிளில் ஊரூராய்ச் சென்ற குடும்பநல மாதரின் கால்களும் காரணம். அவர்களுடைய பெயர்கள் எந்த வரலாற்று நூலிலும் இல்லை.

வழி நேராகவும் இருக்கவில்லை. 2009இல் தென்னிலங்கைப் பாடசாலையொன்றில் உருபெல்லா ஊசி போட்டபின் ஒரு மாணவி உயிரிழந்தாள். நாடெங்கும் பெற்றோர் அஞ்சினர். அவ்வச்சத்தை ஏளனம் செய்வோரோடு எமக்கு உடன்பாடில்லை. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிய தாய் பிரேதத்தைப் பெற்றுக்கொண்டாள். அதற்குமுன் எண்களைக் காட்டி வாயடைப்பது மனிதப் பண்பாகாது. கடும் ஒவ்வாமை என்பது இலட்சங்களில் ஒருவருக்கு நேரக்கூடியது. ஆகவேதான் ஊசிக்குமுன் ஒவ்வாமை பற்றி விசாரிப்பதும், பின்னர் சிறிது நேரம் பிள்ளையை அங்கேயே இருத்தி வைத்துப் பார்ப்பதும், அவசர மருந்தைக் கையில் வைத்திருப்பதும் சடங்குகளல்ல. மக்கள் நம்பிக்கை சுற்றறிக்கையாற் பிறப்பதில்லை. இத்தகைய கவனிப்பினாற் பிறக்கிறது. பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டிலே 2017 பெப்ரவரியில் சின்னமுத்து உருபெல்லாத் தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது கைத்தொலைபேசி வழியே வதந்திகள் பறந்தன. பல பெற்றோர் மறுத்தனர். இயக்கத்தின் காலத்தை நீட்ட வேண்டியதாயிற்று. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலே சிசுக்களின் கண்படலத்துக்கு உருபெல்லா ஒரு முக்கிய காரணம் என்று 1996இலேயே ஆய்வு வெளிவந்திருந்தது. அந்த உண்மை வதந்தியின் வேகத்தில் வீதிக்கு வரவில்லை. மானிப்பாயில் அறுந்த கயிறு அங்கும் அறுந்தே கிடந்தது போலும்.

2020 யூலையில் உலக சுகாதார நிறுவனம், தென்கிழக்காசியப் பிராந்தியத்திலே சின்னமுத்தையும் உருபெல்லாவையும் ஒழித்த முதலிரு நாடுகள் மாலைதீவும் இலங்கையும் என அறிவித்தது. குறித்த இலக்கு 2023. போரும் தடையும் இடப்பெயர்வும் கண்ட ஒரு வறிய நாடு மூன்றாண்டு முந்திக்கொண்டது. ஆனால் அதே 2023இல் இலங்கையிலே சின்னமுத்து மீண்டும் தலைகாட்டியது. ஊசி தவறியோரைத் தேடிப் போட வேண்டியதாயிற்று. உருபெல்லா ஒழிந்தது என்பது இந்நாட்டில் அது நிலைத்துப் பரவவில்லை என்பதையே குறிக்கும். விமானத்தில் வரும் வைரசுக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளிலோ உறவினர் வராத கோடை விடுமுறை இல்லை.

ஆகையால் திருமணத்துக்கு நாட் பார்க்கும் வீடுகளிலே இன்னொன்றையும் பார்க்கலாம். மணமகளின் சுகாதாரப் பதிவேட்டில் உருபெல்லா ஊசி குறிக்கப்பட்டிருக்கிறதா? பதிவேடு இடப்பெயர்விலே தொலைந்திருந்தால், அல்லது ஐயமிருந்தால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிற் கேட்டு ஊசியைப் பெறலாம். ஏற்கெனவே காப்புள்ளவருக்கு மறுபடி போடுவதாற் கேடில்லை. ஊசியின் பின் ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிக்கு இதனைப் போடுவதில்லை. அவள் பிள்ளை பெற்ற பின்னர் பெற்றுக்கொள்வாள். கருவுற்றிருக்கையிலே பருவும் காய்ச்சலும் உடையவர் அண்மையில் இருந்தால், அம்மாள் வந்திருக்கிறா என்று சும்மா இராது, உடனே வைத்தியரிடம் கூறி இரத்தத்தைச் சோதிப்பிக்க வேண்டும்.

கைதடியிலே செவிப்புலனும் விழிப்புலனும் இழந்த பிள்ளைகளுக்கென நவீல்ட் பாடசாலை இருக்கிறது. கேளாமைக்குக் காரணங்கள் பல. உருபெல்லா அவற்றுள் ஒன்றே. அங்கே விரல்களாற் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் தாய்மாரில் எத்தனை பேர் இன்னமும் அந்தக் கிரகண நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்களோ. அவர்களிடம் சென்று, அம்மா, அது உங்கள் பிழையன்று என்று தமிழிலே ஒருமுறை சொல்வதற்கு வைத்தியப் பட்டம் வேண்டியதில்லை.